ஒளியை நோக்கிப் பன்னிரண்டு புழுக்கள்

உயிரியல் டீச்சர் இருபத்து நான்கு வருடங்களாக ஒவ்வொரு பாடமும் முடிந்ததும் கையிலிருக்கும் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டு வந்தார். இருபத்து நான்கு வருடங்களாக யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. சந்தேகமே இல்லாத பிள்ளைகளை இப்படி வரிசை வரிசையாக உருவாக்கி அனுப்பியதற்காக அந்தப் பள்ளிக்கு ஒரு கேடயம்கூடக் கிடைத்திருக்கிறது. அது தலைமையாசிரியர் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. அலமாரிச் சாவி தொலைந்துபோய்விட்டதால் அதை இப்போது யாராலும் துடைக்க முடிவதில்லை.

போன புதன்கிழமை மூன்றாவது பீரியடில் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. டீச்சருக்கு இது பழக்கமில்லாத காட்சி. வெளியே போக அனுமதி கேட்கிறாள் என்று நினைத்து, "போயிட்டு வா" என்றார். கை இறங்கவில்லை.

"அதுக்கில்ல மிஸ். ஈப்புழுவுக்குக் கண்ணே கிடையாதுன்னு சொன்னீங்க. அப்ப வெளிச்சம் வந்தா அதுக்கு எப்படி மிஸ் தெரியும்?"

கேட்டவள் தடிமனான கண்ணாடி போட்ட ஒரு பெண். வகுப்பில் அவளுக்குச் சோடாபுட்டி என்றுதான் பெயர். கண்ணைப் பற்றி அவள் கேட்டதும் வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவள் காது மடல் சிவந்துபோயிற்று. ஆனால் கையை மட்டும் அவள் இறக்கவில்லை.

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். பதில் அவருக்குத் தெரியும். ஐந்து வரியில் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துபோகுமே என்று இருந்தது. "தெரியுதா இல்லையான்னு மொதல்ல நாமளே பாத்துடலாம். எப்படித் தெரியுதுன்னு அப்புறம் யோசிப்போம்" என்றார். மணி அடித்த பிறகு அந்தப் பெண் மேஜையருகே வந்து நின்றாள்.

"எப்ப மிஸ் பாக்கலாம்? அப்பாவுக்கு வேற ஊருக்கு மாத்தலாயிடுச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் நான் இங்க இருப்பேன்."

"அதுக்குள்ள பாத்துடலாம்" என்றார் டீச்சர். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்தும் இப்படி ஒரு வாக்குக் கொடுத்தார் என்றால், அன்றைக்கு அவர் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தோஷத்தைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை. டீச்சர் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். ஒரு நாற்காலி, ஒரு கட்டில், இடுப்பளவு உயரத்தில் ஒரு ஃப்ரிட்ஜ். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை போன் செய்வாள். செய்வாளே தவிர, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள். இந்த ஞாயிறும் குழாய்ச் சத்தத்துக்கு நடுவே டீச்சர் விஷயத்தைச் சொன்னார்.

"இந்த வாரம் க்ளாஸ்ல ஒரு பொண்ணு கேள்வி கேட்டாடி."

"ஏன்க்கா, மார்க் கம்மியாப் போட்டுட்டியா?"

"அதில்லடி, பாடத்துல கேள்வி."

"சரி சரி, வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று தங்கை போனை வைத்துவிட்டாள். டீச்சர் எழுந்து ஜன்னலோரம் போனார். அங்கே ஒரு கண்ணாடி ஜாடியில் நான்கு நாளாக ஒரு மீன்துண்டு நாறிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து வைத்து, ஈக்கள் வந்து முட்டையிட்டுப் போனதும் துணி கட்டி மூடியிருந்தார். உள்ளே நாற்பது புழுக்களாவது நெளிந்தன. தின்று கொழுத்த புழு இரண்டு மூன்று நாளில் இருட்டைத் தேடி ஓடும்; அதற்கப்புறம் பழுப்பாகி, கூடாகி, அசையாமல் கிடக்கும். செவ்வாயோ புதனோ சோதனையைச் செய்தால்தான் உண்டு. அறை முழுக்க நாற்றம். ஆனாலும் அறைக்குள் இத்தனை உயிர்கள் தன்னோடு இருந்து எத்தனை காலமாயிற்று என்று டீச்சருக்குத் தோன்றியது. தோன்றியதும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இனி அந்தப் பள்ளியின் சோதனைத் திட்டமிடல் குழுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால், மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்த அன்று, ஈரப்பஞ்சில் வைத்திருந்த அவரை விதை முளைக்கவில்லை. அதிகாரி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துவிட்டுத்தான் போனார். ஆனால் தலைமையாசிரியர் மூன்று நாள் லீவு போட்டுவிட்டார். திரும்பி வந்ததும் ஒரு குழு அமைத்தார். அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் எந்தச் சோதனையானாலும் அதன் முடிவை முதலில் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதலான முடிவுக்குத் தகுந்த மாதிரி சோதனையைப் பிறகு செய்துகொள்ளலாம். ஒன்பது வருடமாக ஒரு விதைகூட ஏமாற்றவில்லை. முளைத்த விதையைக் கடையில் வாங்கி வந்துதான் பஞ்சில் வைக்கிறார்கள்.

குழுவின் செயலாளர் கணக்கு வாத்தியார். எந்தக் காகிதம் கொடுத்தாலும் ஒரு கமாவைச் சேர்த்தோ எடுத்தோ திருப்பி அனுப்புவார் என்பதால் பள்ளியில் அவருக்குக் கமா சார் என்று பெயர். திங்கட்கிழமை காலை டீச்சர் பதினோரு பக்க விண்ணப்பத்தை அவர் மேஜையில் வைத்தார். கமா சார் படித்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு பெருமூச்சு என்ற கணக்கில் படித்தார்.

"ஏழாவது பக்கம் காலியா இருக்கே டீச்சர். பங்கேற்போரின் பெற்றோர் ஒப்புதல்."

"பங்கேற்கறது புழு சார்."

"நான் புழுவைக் கொறை சொல்லல. பெற்றோர் யாருன்னுதான் கேக்கறேன்."

"ஈ சார்."

"எங்க இருக்கு?"

"பறந்து போயிடுச்சு."

கமா சார் 'பெற்றோர் வெளியூரில்' என்று தன் கையாலேயே எழுதிக்கொண்டார். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்து, தேவைப்படும் பொருட்கள் என்ற இடத்துக்கு வந்தார். புழு பன்னிரண்டு, வெள்ளைத் தட்டு ஒன்று, விளக்கு ஒன்று, விளக்குக்கும் தட்டுக்கும் நடுவே வைக்கத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டி ஒன்று, தட்டின் ஒரு பாதியை மூட அட்டை.

"தண்ணி எதுக்கு? புழு குடிக்கவா?"

"விளக்கோட சூட்டைத் தண்ணி தடுத்துடும் சார். இல்லன்னா வெளிச்சத்துக்கு ஓடுதா சூட்டுக்கு ஓடுதான்னு தெரியாது."

"ஓடறதா? எங்க ஓடுது? சரி, அது அப்புறம். இங்க, இருட்டு, ஒரு பாதின்னு போட்டிருக்கீங்க. இருட்டு நம்ம ஸ்டாக்ல இருக்கான்னு ஸ்டோர்ல ஒரு சான்று வாங்கிட்டு வந்துடுங்க."

செவ்வாய்க்கிழமை டீச்சர் ஸ்டோருக்குப் போனார். அது மாடிப்படிக்கு அடியில் ஜன்னலில்லாத அறை. பல்பு ஃப்யூஸ் போய் இரண்டு மாதமாகிறது. வாசலில் நின்று கூப்பிட்டதும் உள்ளே எங்கிருந்தோ ஸ்டோர்காரர் குரல் கொடுத்தார்.

"யாரு? டீச்சரம்மாவா? பாத்து வாங்க, வாளி இருக்கு."

வாளி இருந்தது. டீச்சர் முழங்காலைத் தடவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். உள்ளே பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. எதை வைத்துப் படித்தார் என்பது அவருக்கே வெளிச்சம்.

"இருட்டு நம்மகிட்ட கெடையாது டீச்சரம்மா. இருபது வருஷமா வந்ததே இல்ல."

"இப்ப நாம நிக்கறது என்னங்க?"

"இது ரூம்ங்க. கணக்குல ரூம்னுதான் இருக்கு. இருட்டுன்னு நான் கையெழுத்துப் போட்டா, பல்பு ஏன் மாத்தலன்னு என்னையில்ல கேப்பாங்க?"

டீச்சர் இந்தத் தடவை வாளியைத் தாண்டித் திரும்பினார். வெளியே வந்தபோது சோடாபுட்டி வராந்தாவில் நின்றிருந்தாள். "இன்னைக்கா மிஸ்?" என்றாள். நாளைக்கு என்றார் டீச்சர். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு ஓடினாள். ஓடும்போது அவள் பையில் பள்ளியின் குறிக்கோள் வாசகம் மேலும் கீழும் ஆடியது. 'ஒளியை நோக்கி.' நுழைவாயில் வளைவில், பெல்ட்டில், பரீட்சைத் தாளின் தலைப்பில், கழிப்பறைக் கதவில்கூட அதே வாசகம்தான். டீச்சர் அதை இத்தனை வருடமாகப் பார்த்துப் பார்த்துப் பார்ப்பதையே விட்டிருந்தார். அதனால்தான் வரப்போகிற வினை அவருக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை குழு கூடியது. நீள மேஜையின் தலைமாட்டில் தலைமையாசிரியர், பக்கத்தில் கமா சார், எதிரே தனியாக டீச்சர். ஜாடி மேஜைமேல் இருந்தது. இருட்டு கையிருப்பில் இல்லாததால் அதை ஆசிரியை தன் சொந்தப் பொறுப்பில் கொண்டு வர வேண்டும் என்று முதல் தீர்மானம் நிறைவேறியது. பிறகு கமா சார் கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்.

"எதிர்பார்க்கும் முடிவு. புழுக்கள், ஒளியை விட்டு விலகி, இருட்டை நோக்கிச் செல்லும்."

 தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"டீச்சர், நம்ம வாசல்ல என்ன எழுதியிருக்கு?"

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. "சார், அது பிள்ளைங்களுக்கு எழுதினது. புழுவுக்கு அது தெரியாது."

"நாமதான் தெரியப்படுத்தணும். நான் அறிவியலுக்கு எதிரி இல்ல டீச்சர். என்ன வேணாலும் கண்டுபிடிங்க. என்ன கண்டுபிடிக்கப் போறோம்ங்கறத முன்னாடியே பேசி முடிவு பண்ணிக்கலாம்னுதான் சொல்றேன். இந்தப் பள்ளிக்கூடத்துல ஒன்பது வருஷமா ஒரு சோதனைகூடத் தோத்ததில்ல. ஏன்? தோக்கற சோதனைய நாம செய்யறதில்ல. பிள்ளைங்க முன்னாடி பன்னெண்டு ஜீவன் ஒளியைப் பாத்துத் திரும்பி ஓடினா, நாளைக்கு அதுங்களும் ஓடும். இத்தனை பெல்ட்டையும் மறுபடி அச்சடிக்க முடியுமா?"

"சார், எதையுமே எழுத வேண்டாம். ஒரு தடவை தட்டுல வச்சுப் பாத்துடலாம். அஞ்சு நிமிஷம்தான். ஒரு பொண்ணு கேட்டிருக்கா. வெள்ளிக்கிழமையோட அவ போயிடறா."

"போயிடறாளா? அப்ப பிரச்சனை தானாத் தீந்துடுது" என்றார் கமா சார், நல்லெண்ணத்தோடுதான்.

தலைமையாசிரியருக்கு வேறு யோசனை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் மேலதிகாரி வருகிறார். மண்டபத்தில் பள்ளி முழுவதையும் உட்கார வைத்து இதைச் செய்தால் என்ன? முடிவில் ஒரே ஒரு திருத்தம்தான். 'ஒளியை விட்டு விலகி' என்பதற்குப் பதில் 'ஒளியை நோக்கி.' இருட்டுப் பாதி தேவையே இல்லை. அதனால் முதல் தீர்மானம் ரத்து. தட்டு முழுக்க வெளிச்சம் என்றால் புழு எங்கே போனாலும் வெளிச்சத்தில்தானே போக வேண்டும்?

டீச்சர் மறுத்திருக்கலாம். எழுந்து போயிருக்கலாம். மண்டபமோ மைதானமோ, எப்படியாவது அந்தப் பெண் தன் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற நினைப்பு அவர் வாயைக் கட்டிவிட்டது. புழு பொய் சொல்லாது, அதுவே காட்டிக் கொடுத்துவிடும் என்று நம்பினார். கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை ஒத்திகை. ஒத்திகைக்கு மாணவர்களுக்கு அனுமதி இல்லை. மண்டப மேஜையில் வெள்ளைத் தட்டு, மேலே இரண்டு விளக்கு, நடுவில் பன்னிரண்டு புழுக்கள். ஒவ்வொன்றும் தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டிப் பார்த்தது. தட்டில் எங்கும் ஒதுங்க இடமில்லை. அந்த நேரத்தில் தலைமையாசிரியர் குனிந்தார். அவர் தலை விளக்கை மறைத்துத் தட்டின் ஓரத்தில் நிழல் விழுந்தது. பன்னிரண்டும் திரும்பி, வரிசை கட்டாத குறையாக, அந்த நிழலுக்குள் போய்ச் சேர்ந்தன.

தலைமையாசிரியர் அசந்துபோனார். இடது பக்கம் நகர்ந்தார், புழுக்களும் நகர்ந்தன. வலது பக்கம் வந்தார், அவையும் வந்தன.

"பாத்தீங்களா கமா சார்," என்றார், குரல் தழுதழுத்தது. நேரில் அவரை யாரும் கமா சார் என்று கூப்பிட்டதில்லை. உணர்ச்சி வேகத்தில் வந்துவிட்டது. "என்னையே சுத்திச் சுத்தி வருதுங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு பிள்ளை இப்படி வந்ததில்ல."

"அது நிழலுக்குச் சார்" என்றார் டீச்சர்.

"நிழல்னா? நான்தானே?"

அன்று மாலை டீச்சர் ஜாடியைப் பார்த்துப் பயந்துபோனார். புழுக்கள் பழுப்பேறத் தொடங்கியிருந்தன. குளிரில் வைத்தால் வளர்ச்சி கொஞ்சம் தள்ளிப்போகும். ஐந்து புழுக்களைத் தனியே ஒரு சின்ன டப்பாவில் எடுத்து, ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அடிக்கடி திறந்து பார்த்தார். உடம்பு சரியில்லாத பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி பார்த்தார் என்றால் மிகையில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மண்டபம் நிறைந்தது. மேலதிகாரி வர ஒன்றரை மணி நேரம் தாமதம். வந்ததும் தலைமையாசிரியர் நாற்பது நிமிடம் பேசினார். தட்டின்மேல் போட்டிருந்த துணியை அதிகாரி விலக்கினார். விளக்குகள் எரிந்தன. தட்டில் பன்னிரண்டு பழுப்புக் கூடுகள், சிந்திய தானியம் மாதிரி, அசையாமல் கிடந்தன. காலையிலேயே எல்லாம் கூடாகியிருந்தன. டீச்சர் அதைச் சொல்ல மூன்று தடவை போயும் யாருக்கும் கேட்க நேரமில்லை.

அதிகாரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"நான் எத்தனையோ பள்ளிக்கூடம் பாத்திருக்கேன். எங்க போனாலும் எதையாவது அசைச்சுக் காட்டுவாங்க. இங்கதான் அசையாம இருக்கறத பாக்கறேன். இவ்வளவு வெளிச்சத்துல ஒண்ணுகூட எடத்த விட்டு நகரல. பன்னெண்டுக்குப் பன்னெண்டு. ஒழுக்கம்னா இது. மாணவச் செல்வங்களே, நீங்களும் இப்படித்தான் இருக்கணும்."

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. பிறகு கமா சார் முடிவை வாசிக்க, பிள்ளைகள் எல்லாரும் ரெக்கார்டு நோட்டில் எழுதினார்கள். புழுக்கள், ஒளியை நோக்கி, சென்றன. டீச்சர் மேடையின் ஓரத்திலிருந்து தேடினார். சோடாபுட்டி பின்னால் முப்பதாவது வரிசையில், ஒரு தூணுக்குப் பக்கத்தில் இருந்தாள். அங்கிருந்து தட்டு தெரிய வாய்ப்பே இல்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து, ரெக்கார்டில் கையெழுத்து வாங்க அவள் லேபுக்கு வந்தபோது மணி நாலு. டீச்சர் கதவைச் சாத்தினார். ஐஸ்கட்டி வைத்துச் சுற்றியிருந்த டப்பாவைப் பையிலிருந்து எடுத்தார். நான்கு கூடாகிவிட்டன. ஒன்று மட்டும் குளிர் விட்டு மெல்ல நெளிந்தது. டீச்சர் ஒரு வெள்ளைத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, நடுவில் புழுவை விட்டு, தட்டின் ஒரு பாதிக்கு மேல் தன் உள்ளங்கையைக் கவிழ்த்துக் குடை பிடித்தார்.

"வா, சீக்கிரம் வந்து பாரு. நீ கேட்டது."

அவள் வரவில்லை. கதவைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"மிஸ், இதுக்கு அனுமதி வாங்கியாச்சா?"

டீச்சர் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்லம்மா" என்றார்.

"அப்ப வேணாம் மிஸ். முடிவுதான் எழுதியாச்சே." அவள் நோட்டை நீட்டினாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, கமாவெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. "நான் கேட்டதாலதான உங்களுக்கு இவ்வளவு கஷ்டம். எல்லாரும் சொன்னாங்க. புது ஸ்கூல்ல நான் எதுவும் கேக்க மாட்டேன் மிஸ். அம்மாகிட்டகூடச் சொல்லிட்டேன்."

அவள் அதை ஆறுதலாகச் சொன்னாள். டீச்சரைச் சமாதானப்படுத்துகிற குரல் அது. டீச்சர் நோட்டை மேஜையில் வைக்கச் சொன்னார். ஒரு கை தட்டின்மேல் இருந்ததால் இன்னொரு கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். கீழே வண்டி ஹாரன் அடித்தது. "அப்பா வந்துட்டாரு. வரேன் மிஸ்" என்று அவள் படியிறங்கி ஓடினாள்.

டீச்சர் கையை எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நொடிமுள்ளைக் குறித்துக்கொண்டார். புழு தலையை ஒரு பக்கம் நீட்டியது, சுருக்கியது, மறுபக்கம் நீட்டியது. ஜன்னல் பக்கம் கொஞ்சம் போய்விட்டு நின்றது. பிறகு நன்றாகத் திரும்பி, கை நிழலின் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து, சுண்டுவிரலில் முட்டி ஓய்ந்தது. டீச்சர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அழுகை வந்துவிட்டது, துடைக்காமல் கையைத் தட்டின்மேலேயே வைத்திருந்தார்.

"ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட்" என்று காலி பெஞ்சுகளைப் பார்த்துச் சொன்னார்.